மழை பெய்யாத கடைசி அத்தியாயம்

2023 மே 16, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குக் கிணற்று மோட்டாரைப் போட்டேன். 5.50க்குக் கரண்ட் போனது. தென்னைக்கு இருபத்தைந்து நிமிடத் தண்ணீர். 6.30க்கு இட்லி நான்கு. 7.05க்கு வடகரப்பதியில் பஸ் ஏறி, சித்தூரில் மாறி, 8.50க்குப் பாலக்காட்டில் இறங்கினேன். 9.15க்கு விடைத்தாள் திருத்தும் வேல்யூவேஷன் கேம்ப் நடந்த கல்லூரியின் பதிவேட்டில் கையெழுத்து. வெயில் அதற்குள் தலையில் ஏறியிருந்தது.

இந்த விவரங்கள் எதற்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். தண்ணீர் பாய்ச்சிய நிமிடத்தைக்கூடக் குறித்து வைக்கிற ஒருவன், அன்றே 11.20க்கு, முகம் தெரியாத ஒருவரின் பட்டத்தைப் பூஜ்யம் போட்டுப் புதைத்தான் என்பதைச் சொல்லத்தான்.

கேரளத்தில் ஐம்பத்தாறு வயதில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் போய்விட்டேன். என் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். ஆங்கில இலக்கியம் சொல்லிக் கொடுக்கிறீர்கள், மே மாதத்தில் சிவப்புப் பேனாவோடு தாள் திருத்துகிறீர்கள். கேள்வித்தாளை எப்படி அமைப்பது, விடைத்தாள் கட்டை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு நாவல் தாளுக்கு நான் சீஃப் எக்ஸாமினர். எனக்குக் கீழே ஐந்து அடிஷனல் எக்ஸாமினர்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் ஸ்கீமை எழுதியவன் நானே. அவர்கள் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து மறுபடி பார்த்துக் கையெழுத்திடுவதும் என் வேலை.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல், மூன்று தொகுதி, ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம் என்பது போதும். கதை நெசவு ஆலைகள் உள்ள ஓர் ஊரில் நடக்கிறது. ஆலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியை, அவளை மணக்க விரும்பும் ஆலை முதலாளியின் தம்பி, இருவருக்கும் நடுவே அந்தப் பள்ளிக்கூடத்தின் இடத்துக்கான குத்தகைப் பத்திரம். நான் அதைப் பத்தொன்பது வருடம் நடத்தினேன். முழுதாகப் படித்தது இரண்டு முறை: இருபத்திரண்டாம் வயதில் ஒன்று, முப்பதாம் வயதில் ஒன்று. அதற்குப் பின் என் குறிப்புகளைப் படித்தேன். குறிப்புகள் கிழிந்த காலத்தில், கடவுள் அனுப்பியதுபோல, அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துவிட்டார்கள். ஆறு பாகம். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

பிரமாதமான தொடர். நாவலில் ஆசிரியைக்கு முப்பத்து நான்கு வயது, ஒரு காது மந்தம். தொடரில் இருபத்து நான்கு, இரண்டு காதிலும் தோடு. நாவலில் தம்பிக்கு வழுக்கை, எந்நேரமும் மூக்குப்பொடி, ஒவ்வொரு காதல் வசனத்துக்கும் நடுவே ஒரு தும்மல். தொடரில் இரண்டு பேருக்குப் பங்கு போடலாம் என்கிற அளவுக்குத் தலைமுடி. பொடிக்குப் பதிலாக அவ்வப்போது சட்டைப் பொத்தானைத் திறந்துபோட்டு விறகு பிளக்கிறார். ஆலை முதலாளியின் தம்பி எதற்கு விறகு பிளக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாவலில் ஆலைப் பிள்ளைகளின் இருமல் நாற்பது பக்கத்துக்கு ஓடும். தொடரில் இரண்டே பிள்ளைகள் இருமுகிறார்கள், அதில் ஒன்று அழகாக இருமுகிறது. நாவலில் வில்லன் என்று ஆளே கிடையாது, குத்தகைப் பத்திரம்தான் வில்லன். பத்திரத்துக்கு மீசை ஒட்ட முடியாது என்பதால் தொடரில் ஒரு மைத்துனனைப் புதிதாகப் பெற்றெடுத்தார்கள். அத்தியாயத்துக்கு ஒருமுறை நம்மைப் பிடித்துவைத்துத் திட்டும் கதைசொல்லியை அடியோடு நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வயலின் வைத்தார்கள்.

கடைசியில் மழை. ஆசிரியை வகுப்பை விட்டு இறங்கி, கொட்டும் மழையில் பாலத்தின் மேல் ஓடி, குதிரை வண்டியை நிறுத்துகிறாள். மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை.

திரைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஐந்நூறு பக்கத்தை ஆறு மணி நேரமாக்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும், ஒட்டத்தான் வேண்டும். அது அவர்கள் தொழில், நன்றாகவே செய்தார்கள். ஆனால் அவர்கள் ஸ்கீம் எழுதவில்லை. எழுதியவன் நான். பதினைந்து மதிப்பெண் கேள்வி: நாயகியின் கடைசி முடிவை ஆராய்க. என் ஸ்கீம்: பள்ளியைத் துறந்து காதலைத் தேர்வது, நான்கு. பாலத்தில் நடக்கும் சந்திப்பு, நான்கு. முதல் தொகுதியிலிருந்தே அவள் மனம் மாறிவருவதற்கான காரணங்கள், நான்கு. மழை ஒரு குறியீடு, மூன்று.

மழைக்கு மூன்று மதிப்பெண். பாலக்காட்டு மே மாதத்தில் வேறு எங்கேயும் அவ்வளவு மழை இல்லை.

அந்த ஸ்கீமைப் படித்துவிட்டு ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஐந்து பேரும் தொடரைப் பார்த்திருந்தார்கள். எங்களுக்குக் கட்டுக் கட்டாக மழை வந்து சேர்ந்தது. மூன்று நாள் திருத்தினோம், தாள்களைப் பிழிந்து காயப்போட வேண்டியதுதான் பாக்கி.

செவ்வாய் காலை 11.15, டீ வந்த நேரம். ஐந்து பேரில் ஒருவரான ரசியா ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். டவுனில் அவர் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. அவர் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர், கேம்புக்கு முதல் முறையாக வந்தவர்.

"சார், இதப் பாருங்க. இந்த ஆளு கதையவே மாத்திடுச்சு."

"எப்படி?"

"நீங்களே படிங்க சார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல."

நான் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். தம்பி பள்ளிக்கூடத்துக்கு வருகிறான், கடைசியாகக் கேட்கிறான். ஆசிரியை அவனை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறாள். பாதியில் விட்ட வகுத்தல் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடிக்கிறாள். ஒரு பையனுக்கு மீதி சரியாக வரவில்லை, மறுபடியும் முதலிலிருந்து. வெளியே வந்து பார்த்தால் அவன் போய்விட்டிருக்கிறான். நாற்காலியில் கையுறை மட்டும் கிடக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொரு எக்ஸாமினர், இடுக்கியிலிருந்து வந்த செல்வராஜ், டீயைக் கீழே வைத்துவிட்டார். வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் அவர் தாத்தா கொண்டுவந்த திருநெல்வேலி அப்படியே இருக்கும். "ஏ யப்பா, மாப்பிள்ளைய உக்கார வச்சிட்டு கணக்கு போட்டாளாமா? எழுதினவரு என்ன கணக்கு வாத்தியாரா இருப்பாரோ?"

"நாவல் தாள்ல டைம்டேபிள் எழுதியிருக்கார்," என்றேன் நான். நல்ல சிரிப்பு வந்தது. சீஃப் சொன்னால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதை நீங்களும் ஒருநாள் அனுபவிப்பீர்கள், நம்பிவிடாதீர்கள்.

ரசியா பூஜ்யம் போட்டிருந்தார். நான் பக்கத்தில் கையெழுத்திட்டேன். 11.20. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் முன்பக்கத்து முத்திரை கண்ணில் பட்டது: மெர்சி சான்ஸ். உங்களில் புதியவர்களுக்குச் சொல்கிறேன். பல முறை தவறி, வருடங்கள் கடந்து, பதிவே காலாவதியான பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரே ஒரு கடைசி வாய்ப்பு. இதில் தேறாவிட்டால் அந்தப் பட்டம் எந்நாளும் இல்லை. பெயர் தெரியாது, வெறும் எண்தான். ஆணா, பெண்ணா, எந்த ஊர், எந்த வேலையில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்று எதுவும் தெரியாது. கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தது. தேற ஆறு மதிப்பெண் குறைவு.

"பாவம், ஆறுலதான் போவுது," என்றார் ரசியா.

"வேற கேள்வியில எங்கயாவது கூட்ட முடியுமா பாருங்க," என்று தாராள மனசோடு சொன்னேன். முடியவில்லை. கட்டு மூடப்பட்டது.

12.45க்குச் சாப்பிட உட்கார்ந்தேன். தயிர் சோறு, மாவடு. இரண்டாவது வாயில் அந்தக் கையுறை தொண்டையில் மாட்டிக்கொண்டது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பதில் தெரியாத மாணவன் இட்டுக்கட்டுவான். முப்பது வருடத்தில் இட்டுக்கட்டியதை நான் மலையளவு படித்திருக்கிறேன். இட்டுக்கட்டுகிறவன் நமக்குப் பிடித்ததைத்தான் இட்டுக்கட்டுவான். கல்யாணம் வைப்பான், சாவு வைப்பான், மழை வைப்பான். மீதி சரியாக வராத ஒரு பையனை எவனும் இட்டுக்கட்ட மாட்டான். நாற்காலியில் கிடக்கும் கையுறையை எவனும் சும்மா கொண்டுவந்து போட மாட்டான். அவ்வளவு சுவையில்லாத ஒன்று எங்கேயோ எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுந்து கை கழுவினேன். அறைக்கு வந்து கேட்டேன், "யார்கிட்டயாவது நாவல் இருக்கா?"

ஆறு ஆங்கில ஆசிரியர்கள், மூன்று நாளாக ஒரே நாவலைத் திருத்துகிறோம், அறையில் அந்த நாவலின் ஒரு பிரதி இல்லை. எனக்கு முன்பு சீஃபாக இருந்தவர் பாடப்புத்தகங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் சுமந்துகொண்டுதான் கேம்புக்கு வருவார். பஸ்ஸில் அந்தப் பைக்கு ஒரு சீட் வேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் ஓய்வு பெற்றபோது பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கல்லூரி நூலகத்துக்குக் கோடை விடுமுறைப் பூட்டு. செல்வராஜ் போனில் தேடினார்.

"சார், நாவலப் பத்தி எழுதினவன் எல்லாரும் மழையத்தான் எழுதுதான். ஒருத்தன் குடையே விரிச்சிட்டான்."

"மூலம் கிடைக்குமா பாருங்க."

"மூலத்துக்குப் போறதுக்குள்ள சிக்னல் போயிருதே." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார், நீங்க பத்தொம்பது வருசம் நடத்துனீங்கல்லா. ஒங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

நேர்மையான கேள்வி. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மழை பெய்தது. அவள் ஓடினாள். வயலின்கூடக் கேட்டது.

4.30க்குக் கேம்ப் முடிந்தது. மறுநாள் நண்பகலுக்குள் எல்லா மதிப்பெண்ணும் கணினியில் ஏற வேண்டும். 5.55க்கு வீடு. செருப்பைக் கழற்றியதும் அலமாரிக்குப் போனேன். புத்தகம் இரண்டாவது தட்டில், என் பட்டியலில் உள்ள அதே இடத்தில், அட்டை போட்டு, எண் ஒட்டி, தொடர் வந்ததிலிருந்து எட்டு வருடமாகத் திறக்கப்படாமல் இருந்தது. வாசலில் வெளிச்சம் பாக்கி இருந்ததால் நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, வந்ததும் வராததுமா பொஸ்தவமா? காப்பி ஆறுதுங்க," என்றாள் என் மனைவி.

கடைசி அத்தியாயம் பதினொரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் வகுத்தல் கணக்கு. மீதி சரியாக வராத பையனுக்குப் பெயர்கூட இருந்தது. தம்பி முன்னறையில் எட்டு முறை தும்முகிறான். மந்தமான காதுப் பக்கம் கதவு இருப்பதால் அவளுக்கு அது கேட்பதில்லை. அல்லது கேட்டும் போகவில்லை. கதைசொல்லி நம்மையே தீர்மானிக்கச் சொல்லித் திட்டுகிறார். கையுறை நாற்காலியில். மழை இல்லை. ஒரு தூறல் இல்லை. கடும் உறைபனி, வானம் வெளுத்துக் கிடக்கிறது. பாலம் என்று ஒன்று அந்த ஊரிலேயே இல்லை. ஓரத்தில் பென்சிலால் என் முப்பது வயதுக் கையெழுத்து: 'தேர்வில் கேட்கத்தக்கது.'

மனைவியிடம் சொன்னேன். அவளும் என்னோடு ஆறு பாகமும் பார்த்தவள்.

"அப்ப அவ ஓடவே இல்லீங்களா?"

"இல்ல."

"அதானுங்க நாயம். பிள்ளைங்கள உட்டுப்போட்டு எந்த வாத்திச்சி மழையில ஓடுவா? ஊட்டுக்கு வந்தா சளிதான் புடிக்கும்." காப்பியை நீட்டினாள். "நானும் அன்னிக்கே நெனச்சேனுங்க. நீங்க கண்ணத் தொடச்சிட்டு இருந்தீங்க, சொல்லல."

6.40க்குக் கேம்ப் ஆபீசருக்குப் போன் செய்து அந்த ஒரு தாளைப் பற்றிச் சொன்னேன். பாலக்காட்டின் பழைய தெரு ஒன்றில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. நல்ல மனிதர், காலம் தவறாதவர்.

"என்ன மாஷே, இப்பப் போய் இதைச் சொல்றேளே? நாளைக்கு மத்தியானம் மார்க் ஏறணும். ரிசல்ட் தேதி சொல்லியாச்சு."

"ஸ்கீம் தப்பு சார். அந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தாள்லயும் மறுபடி பார்க்கணும்."

"எல்லாத்துலயுமா! ஒரு தாள்தானே சொன்னேள்? அதை எடுத்து ஆறு போட்டுடுங்கோ. ஏழே போடுங்கோ. அந்தக் கொழந்தை தேறிடும். ஆருக்கும் ஒண்ணும் தெரியாது."

சொல்லவே வேண்டாம், அது எனக்கும் பஸ்ஸிலேயே தோன்றியிருந்தது. சுத்தமான யோசனை. ஓர் எண்ணைத் திருத்தி, ஒரு கையெழுத்தைப் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் படுக்கலாம். என் ஸ்கீமும் என் பெயரும் நனையாமல் தப்பிவிடும். ஆனால் அந்த ஒரு தாள் என் கைக்கு வந்தது, ரசியாவுக்குச் சிரிப்பு வந்ததால். சிரிக்காமல் பூஜ்யம் போட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கக்கூடிய நான்கு பேர் இருக்கிறார்கள். நாவலைப் படித்த இன்னொரு முட்டாள் எந்தக் கட்டில் கிடக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் இருந்தது. மழை எழுதியவர்களை என்ன செய்வது? பூஜ்யம் போட எனக்கு யோக்கியதை இல்லை. வகுப்பில், நேரம் போதவில்லை என்று சொல்லி, கடைசி நான்கு அத்தியாயத்துக்குப் பதிலாகத் தொடரைப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னவன் நான். என் மாணவர்கள் சொன்னபடி செய்திருக்கிறார்கள், அதுவும் அபூர்வம். கடைசியில் இப்படித் தீர்மானித்தேன். நடந்ததைச் சரியாகச் சொல்பவருக்கு நிகழ்ச்சிக்கான மதிப்பெண் முழுதும். மழைக்கும் பாலத்துக்கும் ஒன்றும் இல்லை. முதல் தொகுதியிலிருந்து காரணம் காட்டியவர் எந்த முடிவை எழுதியிருந்தாலும் காரணத்துக்கு உரியது உண்டு. மழையை அழித்ததால் யாராவது தேர்ச்சிக்குக் கீழே இறங்கினால் அந்தத் தாளை முதல் பக்கத்திலிருந்து நானே படிப்பேன். இது முழு நியாயம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். அன்று மாலைக்குள் எனக்கு எட்டிய நியாயம் அவ்வளவுதான்.

"சார், எல்லாத்தையும் திறக்கணும்," என்றேன்.

"ரிடையராக ரெண்டு வருஷம்தானே இருக்கு உமக்கு? இனிமே உம்மை ஆரு சீஃபாப் போடுவா?"

"யாரும் போட மாட்டாங்க."

"தெரிஞ்சுண்டேதான் சொல்றேளா?"

"தெரிஞ்சேதான்."

"காலம்பற ஒம்பதே முக்காலுக்குக் கட்டைத் திறந்து தரேன். மேல எழுதி டயம் கேக்கறதை நான் பாத்துக்கறேன். காரணம் மட்டும் நீங்க எழுத்துல குடுத்துடணும். ஏதாவது நயமா எழுதுங்கோ, 'கூடுதல் தெளிவு கருதி'ன்னு."

அதன்பின் யாரும் என்னைச் சீஃபாகப் போடவில்லை. அது அவரவர் உரிமை.

மறுநாள், மே 17, புதன்கிழமை. கேம்ப் அறையில் 9.45க்கு முதல் வேலையாக ரசியாவின் கட்டைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தோம். போட்டவரே அடிக்க வேண்டும், சீஃப் மேலொப்பம் இட வேண்டும் என்பது முறை. ரசியா பூஜ்யத்தை அடித்தார். நான் விரித்து வைத்திருந்த பதினொரு பக்கத்தையும் விடைத்தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பதின்மூன்று போட்டார். கூட்டுத்தொகையை இரண்டு முறை சரிபார்த்தார். தேறியது. மற்ற நால்வரும் நாற்காலியை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திருத்தப் பதிவேட்டில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனா அங்கே நின்றது.

"சார், இங்க என்ன எழுத?"

"சீஃப் எக்ஸாமினர் நாவலைப் படிக்கவில்லைன்னு எழுதுங்க."

"ஐயோ சார். நான் எப்பிடி சார் அத எழுதுவேன்?"

"தெளிவா எழுதுங்க. படிக்கிற மாதிரி இருக்கணும்."

அவர் செல்வராஜைப் பார்த்தார். செல்வராஜ் கூரையைப் பார்த்தார். ரசியா எழுதினார். அதன் கீழே கையெழுத்திட்டு நேரத்தையும் போட்டேன்: 9.52.